சொல் கேளுங்கள்: ரிலாக்ஸ் ஆவதா, இளைப்பாறுவதா?

போன மாதம் இதே பக்கத்தில் ஒரு பதிலை முடிக்கும்போது, "மீதியை அடுத்த இதழில் சொல்கிறேன், அதுவரை ரிலாக்ஸாக இருங்கள்" என்று எழுதிவிட்டேன். கை தானாக எழுதியது. 11 கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றில் வருத்தம், ஏழில் கோபம். மிச்சம் ஒன்றில் ஒரே வரிதான்: "டீச்சர், நீங்களுமா?" 33 வருஷம் சிவப்பு மையை வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவளுக்கு இது வேண்டியதுதான். இந்த மாதம் முழுக்க இதே விஷயம்.

'ரிலாக்ஸ்' என்பதற்கு 'இளைப்பாறு' என்று அருமையான சொல் இருக்கும்போது ஆங்கிலத்தை ஏன் இழுத்து வந்தீர்கள்?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

குட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் என் பக்கமும் ஒரு வழக்கு இருக்கிறது. அந்த இடத்தில் நான் "அதுவரை இளைப்பாறுங்கள்" என்று எழுதியிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ஒரு மாதம் உட்கார்ந்து இளைப்பாறுகிற அளவுக்கு இந்த அம்மா நம்மை என்ன வேலை வாங்கினாள் என்றுதானே?

இளைப்பாறு என்பது இளைப்பும் ஆறுவதும் சேர்ந்த சொல். முதலில் இளைப்பு வந்தாக வேண்டும். அது வராமல் ஆறுவதற்கு ஒன்றும் இல்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அகராதி இல்லை, எங்கள் ஆச்சி.

சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. ஆச்சி ஓலைப்பெட்டியில் கருப்பட்டியை அடுக்கி, தலையில் வைத்துச் சந்தைக்கு நடப்பாள். லீவு நாளில் நானும் கூடப் போவேன், தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு. வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். அவ்வளவுதான். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது. இறக்காத சுமையோடு போனவளுக்காக, சுமந்து வருகிறவர்கள் இறக்கி வைக்க ஒரு கல்.

அந்தக் கல்லின் உயரம்தான் விஷயம். தலைச்சுமையைத் தரையில் இறக்கினால், மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். தனியாகப் போகிற பொம்பளைக்கு யார் வந்து தூக்கிவிடுவது? கல் ஏறக்குறைய தோள் உயரம் இருந்ததால், லேசாக முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, பெட்டியை அப்படியே கல்மேல் நகர்த்திவிடலாம். திரும்பக் கிளம்பும்போதும் அதே மாதிரி தலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். யார் தயவும் வேண்டாம்.

பெட்டி கல்லுக்குப் போனதும் ஆச்சி உட்கார மாட்டாள். சும்மாட்டைப் பிரித்து உதறுவாள். அது ஒரு பழைய சேலைத்துண்டு. அதாலேயே கழுத்தைத் துடைப்பாள். கழுத்தோரம் ஒரு நரம்பு விண்விண் என்று துடிப்பதை நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். "போவமா ஆச்சி?" என்று கேட்டால், "பொறுட்டி, செத்த இளைப்பாறிக்கிடுதேன்" என்பாள். மூச்சு நேராகி, அந்த நரம்பு துடிப்பது கண்ணுக்குத் தெரியாமல் ஆனதும், நான் கேட்காமலே சும்மாட்டைச் சுருட்ட ஆரம்பிப்பாள். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பெயர்தான் இளைப்பாறுவது.

இப்போது 'ஆறு' என்ற பாதியைப் பாருங்கள். பால் ஆறும். சோறு ஆறும். புண் ஆறும். கோபம் ஆறும். சூடாக இருந்தது எதுவோ அது தன் நிலைக்குத் திரும்புவதை நாம் ஆறுவது என்கிறோம். தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்கிற 129ஆவது குறளில் இந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆத்திசூடியின் இரண்டாவது வரியும் இதுதான்: ஆறுவது சினம். (ஆறாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "ஆறாவது சினம் இதுன்னா மீதி அஞ்சு சினம் என்ன டீச்சர்?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த கோபம் அங்கேயே ஆறிவிட்டது.) 'ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை' என்று பழமொழியே இருக்கிறது. ஆறுவதற்கு நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது என்று அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும்.

வள்ளலார் இறைவனைப் பாடும்போது "கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்வகை கிடைத்த குளிர்தருவே" என்கிறாரே, அதில் 'கோடையிலே' என்பதைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். மரம் நிற்கும், ஆனால் நிழலுக்கு மதிப்பு இருக்காது.

சரி, ரிலாக்ஸுக்கு வருவோம். அந்த ஒரு ஆங்கிலச் சொல் நம்மிடம் வரும்போது ஐந்தாறு ஆளாகப் பிரிந்துவிடுகிறது. அரசு வேலை விளம்பரத்தில் வயது வரம்பில் ரிலாக்ஸ் செய்தால் அது தளர்வு. 2020இல் மாதாமாதம் டிவி முன் உட்கார்ந்து கேட்டோமே, ஊரடங்குத் தளர்வுகள், அதுவும் அதே சொல்தான். யோகா வகுப்பில் உடலைத் தளர்வாக விடச் சொல்கிறார்கள், சரி. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி 'தளர்ந்துவிட்டார்' என்று சொன்னால் அது நல்ல செய்தி இல்லை. பதற்றத்தில் கை நடுங்க நிற்பவரிடம் "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்கிறோமே, அங்கே தமிழ் 'பதறாதீங்க'தான். அவரிடம் போய் 'இளைப்பாறுங்கள்' என்றால் அடிக்க வருவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு சாய்கிறாரே ஒருவர், அவர் இளைப்பாறவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை. அவர் 'அக்கடா' என்று கிடக்கிறார். அதற்கு நிகரான சொல் ஆங்கிலத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆக, நான் எழுதியது தப்பு. ஆனால் அதற்குத் திருத்தம் 'இளைப்பாறுங்கள்' இல்லை. 'அதுவரை ஆற அமர யோசித்து வையுங்கள்' என்று எழுதியிருக்க வேண்டும்.

'இளைத்துவிட்டான்' என்றால் மெலிந்துவிட்டான் என்று அர்த்தம். அப்படியென்றால் இளைப்பாறுவது என்பது மெலிந்த உடம்பு தேறுவதா? சிலர் 'இழைப்பாறு' என்றும் எழுதுகிறார்கள். எது சரி?
- பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

நல்ல கேள்வி. இளைப்பு என்பதற்குக் களைப்பு, மெலிவு, மூச்சு வாங்குவது என்று மூன்று அர்த்தமும் உண்டு. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், பலம் குறைவது என்பது பொதுக் குணம். நாட்டு மருந்துக் கடையில் 'ஈளை, இளைப்பு, இருமல்' என்று லேகியப் புட்டியில் அச்சடித்திருப்பார்கள். அங்கே இளைப்பு மூச்சுத் திணறல். இளைப்பாறும்போது ஆறுவது களைப்பும் மூச்சு வாங்குவதும். உடம்பு சதை போடுவதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

அதே சொல் இன்னொரு பக்கமும் போகும். "நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை" என்றால் குறைந்தவன் இல்லை என்று பொருள். பாரதியின் கும்மிப் பாட்டில் "எட்டும் அறிவினில் ஆணுக்கிங்கே பெண் இளைப்பில்லை காண்" என்று வருவது இந்த அர்த்தத்தில். பரீட்சையில் அந்த வரிக்கு 'பெண்களுக்குக் களைப்பே வராது' என்று பொருள் எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். மதிப்பெண் கொடுக்க முடியவில்லை. ஆனால் எழுதிய பெண்ணின் வீட்டில் அம்மாவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

'இழைப்பாறு' தவறு. இழைப்பது தச்சர் வேலை, இழைப்புளியைப் பிடித்து மரத்தை வழவழப்பாக்குவது. இழைத்துக் களைத்தபின் தச்சரும் இளைப்பாறலாம், ளகரம் போட்டு.

எங்கள் தெருவில் கல்யாண பேனர் ஒன்றில் 'மணமக்களை மனமாற வாழ்த்துகிறோம்' என்று இருந்தது. 'மனமார' என்பதுதான் சரி என்றேன். 'பசியாற', 'காலாற' எல்லாம் ற போட்டுத்தானே எழுதுகிறோம் என்று மடக்கிவிட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.
- ஒரு வாசகர், ராஜபாளையம்

நீங்கள் சொன்னதுதான் சரி. அவர்கள் சொன்ன உதாரணங்களும் சரி. அதனால்தான் மடக்க முடிந்தது!

இங்கே இரண்டு வினைகள் இருக்கின்றன. ஆர்தல் என்றால் நிறைவது. ஆறுதல் என்றால் தணிவது. நிறைய வேண்டியதற்கெல்லாம் ர: கண்ணாரப் பார்த்தேன், காதாரக் கேட்டேன், வாயாரச் சொன்னேன், நெஞ்சார நம்பினேன், மனமார வாழ்த்தினேன். தணிய வேண்டியதற்கெல்லாம் ற: பசியாறச் சாப்பிட்டேன், காலாற நடந்தேன், ஆற அமர உட்கார்ந்தேன்.

ஒரே பந்தியில் இரண்டையும் பார்க்கலாம். பசி ஆறும், வயிறு ஆரும். பசியாறச் சாப்பிட்டவன் முதல் இரண்டு இட்லியோடு கொஞ்சம் நிதானத்துக்கு வந்திருப்பான். வயிறாரச் சாப்பிட்டவன் எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றுவான்.

காலாற நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம். கால் ஆறுவதற்காக நடப்பதாம்! நாள் முழுக்க உட்கார்ந்தே மரத்துப்போன காலுக்கு நடையே ஓய்வு என்று கண்டுபிடித்து, அதை ஒரே சொல்லில் வைத்துவிட்டார்கள். இதை வாசிக்கிற கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் எழுந்து ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள், பதில் ஓடிவிடாது.

'காற்றாட' என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது காற்று ஆடுவது, 'ஆட'.

பேனருக்கு வருவோம். 'மனம் ஆற' என்று ஒரு பிரயோகம் இருக்கத்தான் செய்கிறது. துக்க வீட்டில். "நாலு பேர் வந்து பேசினால்தான் மனசு ஆறும்" என்போம். கல்யாண பேனரில் அதைப் போட்டால், நடந்தது நடந்துவிட்டது, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் வருஷம் போனால் அதுவும் பொருந்தலாம், ஆனால் முதல் நாளே சொல்ல வேண்டாமே.

சென்னையில் அச்சாகும் ஒரு மலருக்கு எங்கள் தகப்பனாரைப் பற்றி எழுதி அனுப்பினேன். 'இளைப்பாறிய அதிபர்' என்று நான் எழுதியதை 'ஓய்வுபெற்ற தொழிலதிபர்' என்று மாற்றிப் போட்டுவிட்டார்கள். அப்பா பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருந்தவர். இளைப்பாறுதல் என்று எழுதினால் இந்தியாவில் விளங்காதோ?
- ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

விளங்கும், ஆனால் வேறு மாதிரி விளங்கும். அதில் ஒரு தமாஷ் இருக்கிறது.

இலங்கைத் தமிழில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் இளைப்பாறியவர். இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய தபாலதிபர் என்று பத்திரிகைகளில் சாதாரணமாக எழுதுவீர்கள். பள்ளித் தலைமையாசிரியர் உங்களுக்கு அதிபர். எங்களுக்கு அதிபர் என்றால் ஒன்று அமெரிக்காவை ஆள்கிறவர், இல்லாவிட்டால் மில் வைத்திருப்பவர். அங்கே மாற்றியவர் நல்லது செய்வதாக நினைத்து உங்கள் அப்பாவை ஒரே வரியில் பணக்காரர் ஆக்கிவிட்டார்.

இனி தமாஷ். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர், நாசரேத்துக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு வந்த ஒரு விழா அழைப்பிதழை எடுத்துப் படித்தவர், "ஏ, இளைப்பாறிய அதிபர் தலைமை தாங்குவாராம்லா! செத்தவரு எப்படி வந்து தலைமை தாங்குவாரு?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இளைப்பாறுதல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன் என்ற வசனம். சர்ச் சுவரில், காலண்டரில், வேன் முகப்பில் எல்லாம் இருக்கும். அடுத்தது கல்லறைத் தோட்டம்: 'கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்'. கத்தோலிக்கர்கள் இறந்தவருக்காகச் செய்யும் ஜெபத்தில் 'நித்திய இளைப்பாற்றி' என்று வரும்.

பாரம் சுமக்கிறவர்களே என்று கூப்பிட்டு இளைப்பாறுதல் தருவதாகச் சொன்ன அந்த வசனத்தைத் தமிழில் எழுதியவருக்குச் சுமைதாங்கிக் கல் தெரிந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், என் ஆசை அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: நீங்கள் எழுதியது நல்ல தமிழ். மாற்றியிருக்க வேண்டாம். 'ஓய்வுபெற்ற' என்பதில் யாரோ கொடுத்து நாம் பெறுகிற பாவனை இருக்கிறது, அரசாணை வாடை. 'இளைப்பாறிய' என்பதில் அத்தனை வருஷமும் அவர் எதையோ சுமந்து வந்தார் என்பது இருக்கிறது. பள்ளிக்கூடத்தை நடத்தினவருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்லுங்கள். 'பள்ளி' என்ற சொல்லை மட்டும் முன்னால் சேர்த்து அனுப்புங்கள்.

உங்கள் ஊரைச் சொன்னதும் நினைவு வருகிறது. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்ட மாதிரி ஒரு மடம் இருக்கிறதே, தெருமூடி மடம். ரோடு உள்ளே நுழைந்து வெளியே வரும், இரண்டு பக்கமும் திண்ணை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வழிப்போக்கன் மடத்தைத் தேடிப் போக வேண்டாம், நடக்கிற வழியே மடமாகிவிடுகிறது. மாட்டுக்கு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் நட்டு வைத்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். இளைப்பாறிய என்ற சொல் உங்களிடம் நிலைத்ததில் ஆச்சரியமில்லை.

மலேசியாவில் நாங்கள் 'பசியாறியாச்சா?' என்று கேட்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் இதைப் பழைய இலக்கியத் தமிழ் என்று சொல்லிச் சிரிக்கிறார்.
- ஒரு வாசகர், கிள்ளான்

நண்பரை ஒருமுறை காயல்பட்டினத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுவதுதான். என் கல்லூரித் தோழி வீட்டில் முதல்முறை தங்கியபோது அவள் உம்மா, "பசியாற வாம்மா" என்று கூப்பிட்டார். எழுந்த எழுப்பிலேயே எனக்குப் பசிக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று வெட்கமாகப் போய்விட்டது. 'டிபன் சாப்பிடலாமா' என்பதைவிட எத்தனை மரியாதையான அழைப்பு! சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் உன் பசியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஓய்வு, இளைப்பாறல் இரண்டும் ஒன்றுதானே?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

கிட்டத்தட்ட. ஓய்வது என்றால் நின்றுபோவது. மழை ஓய்ந்தது, சத்தம் ஓய்ந்தது. வேலை நின்றால் ஓய்வு, அவ்வளவே. களைத்தவரும் எடுக்கலாம், களைக்காதவரும் எடுக்கலாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'ஓய்வெடுத்தேன்' என்றால் நன்றாயிருக்கிறேன் என்று அர்த்தம், 'ஓய்ந்துபோனேன்' என்றால் இனி என்னால் முடியாது என்று அர்த்தம். எனக்குப் பணி ஓய்வு விழா எடுத்த அன்று, வாழ்த்திப் பேசிய ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு "டீச்சர் இன்றோடு ஓய்ந்துவிட்டார்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். பின் வரிசையிலிருந்து என் தங்கை போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "அவ எங்கே ஓயுதா?"

'ஆசுவாசம்' எந்த மொழிச் சொல்? அதையும் பயன்படுத்தலாமா?
- ஒரு வாசகி, கரூர்

வடமொழி. மூச்சு என்பதிலிருந்து வந்தது. அடைத்த மூச்சு திரும்பி வருவதுதான் ஆசுவாசம். பஸ்ஸை ஓடிப் பிடித்து, சீட்டும் கிடைத்து, கைப்பை மடிக்கு வந்தபின் ஒரு பெருமூச்சு வருமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் என்னிடம் இல்லை. தாராளமாகப் பயன்படுத்துங்கள். எங்கள் வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்தவர்களிடம் "முதலில் சிரமபரிகாரம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்பார். கால் கழுவ ஒரு செம்பு தண்ணீர், குடிக்க ஒரு டம்ளர் மோர், சாய ஒரு திண்ணை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். அந்தச் சொல் போய்விட்டது, திண்ணையும் போய்விட்டது. எது முதலில் போனது என்று தெரியவில்லை.

என் மகள் எதற்கெடுத்தாலும் 'சில் பண்ணும்மா' என்கிறாள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, தாம்பரம்

அவளும் ஆறச் சொல்லித்தான் சொல்கிறாள்! சூட்டைத் தணி என்பதைத்தான் ஔவையார் 'ஆறுவது' என்றார், உங்கள் மகள் 'சில்' என்கிறாள். ஔவையாரிடம் கோபப்படாத நீங்கள் இவளிடமும் படவேண்டாம். ஆனால் பாத்திரம் கழுவச் சொன்னபோது இதைச் சொன்னாள் என்றால் அது மொழிப் பிரச்சினை இல்லை.

தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டிலிருந்துதான் 'சும்மா' என்ற சொல் வந்தது என்று ஒருவர் மேடையில் பேசினார். சுமையை இறக்கியபின் சும்மாடு மட்டும் தலையில் இருப்பதால் 'சும்மா இருக்கிறாள்' என்று ஆனதாம். உண்மையா?
- ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் இல்லை. சும்மாடு சுமையின் உறவு. சும்மா அந்தக் குடும்பம் இல்லை. அருணகிரிநாதருக்கு முருகன் "சும்மா இரு, சொல் அற" என்றபோது அவர் தலையில் பெட்டி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தவிரவும், சுமையை இறக்கினவுடன் ஆச்சி முதலில் செய்தது சும்மாட்டைக் கையில் எடுத்து உதறியதுதான். தலையில் வைத்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை.

அந்தக் கல் இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டு யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ரோட்டை அகலமாக்கினபோது பிடுங்கிவிட்டார்கள். நட்டிருந்த இரண்டு கல்லும் போன இடம் தெரியவில்லை. மேலே கிடந்த கல் மட்டும் பக்கத்தில் ஒரு டீக்கடை வாசலில் செங்கல்மேல் கிடக்கிறது, பெஞ்சு மாதிரி. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதில் உட்கார்ந்தேன். நடுவில் லேசாகக் குழிந்து வழவழவென்று இருந்தது, பெட்டிகள் நகர்ந்து நகர்ந்து. டீக்காரத் தம்பி கையை உயரத் தூக்கி, கிளாசுக்கும் குவளைக்குமாக நாலு தரம் ஆற்றினார். "சூடு போதுமா அம்மா, இன்னும் ஆத்தணுமா?" என்று கேட்டார். போதும் என்று வாங்கிக்கொண்டேன்.